பஞ்சத்துக்கு எடுத்து வைத்த பணம்

அரிசிப் பானைக்குள் நாலு காசு ஒளித்து வைக்கிற பழக்கம் நம் வீட்டுப் பெண்களுக்கு எந்தக் காலத்திலோ வந்துவிட்டது. ஆத்திர அவசரத்துக்கு ஆகும். ஒரு பிரசவம், ஒரு விஷ ஜுரம், ஒரு சாவு. ஆனால் அந்தக் காசுக்கு ஒரு ராசி உண்டு. நிஜமான அவசரம் வருவதற்கு முன்னால் வீட்டு ஆம்பளைக்கு வேறு ஓர் 'அவசரம்' வந்துவிடும். பானை தடவப்படும். 'அடுத்த மாசம் வெச்சுடறேன்' என்று ஒரு வாக்குறுதி கிடைக்கும். அந்த அடுத்த மாசம் வராது.

இதே கதை ஒரு பேரரசின் கஜானாவிலும் நடந்திருக்கிறது. பானையில் போட்டு வைப்பதாகச் சொன்ன தொகை, வருஷத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய். தடவியவர், இந்தியாவின் வைஸ்ராய்.

இன்றைக்குப் புயலோ வெள்ளமோ வந்தால் பேப்பரில் மூன்று செய்திகள் தவறாமல் வரும். முதல்வர் கடிதம். மத்தியக் குழு வருகை. கேட்டது இவ்வளவு, கொடுத்தது இவ்வளவு. ஏதோ நம் காலத்து அரசியல் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தப் பஞ்சாயத்துக்கு வயசு கிட்டத்தட்ட நூற்றைம்பது. அதன் முக்கியமான ஆரம்ப ரவுண்டு ஒன்று நடந்தது நம் சென்னையில்தான்.

*

1876. தமிழ்க் கணக்கில் தாது வருஷம். 'தாது வருஷப் பஞ்சம்' என்று தாத்தா பாட்டிகள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்த வருஷம் மழை பொய்த்தது. பெல்லாரி, கடப்பா, கர்நூலில் ஆரம்பித்து சேலம், கோவை, வட ஆற்காடு என்று நிலம் வெடித்துக்கொண்டே வந்தது. ரயிலில் தானியம் வந்து இறங்காமல் இல்லை. இறங்கியதை வாங்கத்தான் ஜனங்களிடம் காசில்லை. வேலை இருந்தால்தானே காசு? விளைந்தால்தானே வேலை?

அப்போது சென்னை கவர்னர், பக்கிங்ஹாம் கோமகன். பெரிய புரட்சிக்காரர் எல்லாம் இல்லை. ஆனால் ஜனங்கள் சாகிறார்கள் என்பது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. அவருடைய அரசாங்கம் சத்தம் காட்டாமல் ஒரு காரியம் செய்தது. ஆர்பத்நாட் கம்பெனி மூலமாக 30,000 டன் அரிசி வாங்க ஏற்பாடு செய்தது. (1906ல் திவாலாகி, சென்னையில் பல குடும்பங்களை நடுத்தெருவுக்குக் கொண்டுவந்ததே, அதே ஆர்பத்நாட்தான்.)

விஷயம் கல்கத்தாவுக்குத் தெரிந்தது. பாராட்டு வரவில்லை. கண்டனம் வந்தது. சர்க்கார் மளிகைக் கடை நடத்தக் கூடாது, தானிய வியாபாரத்தில் கை வைத்தால் வியாபாரிகள் ஒதுங்கிவிடுவார்கள், சந்தை தானாகவே எல்லாவற்றையும் சரி செய்துகொள்ளும் என்பது அன்றைய வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் சித்தாந்தம். லிட்டன் ஒரு கவிஞர். நாவலாசிரியர் ஒருவரின் பிள்ளை. 1877 ஜனவரி 1ம் தேதி, தெற்கே ஜனங்கள் கஞ்சித்தொட்டி தேடி நடந்துகொண்டிருந்த நேரத்தில், விக்டோரியா இந்தியாவின் பேரரசியானதைக் கொண்டாட டெல்லியில் மகா தர்பார் நடத்திக்கொண்டிருந்தார்.

தர்பார் முடிந்த கையோடு சென்னைக்கு ஓர் ஆளை அனுப்பினார். அன்றைய 'மத்தியக் குழு' அந்த ஒரே மனிதர்தான். பெயர், சர் ரிச்சர்ட் டெம்பிள்.

*

டெம்பிளைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்லியாக வேண்டும்.

மூன்று வருஷம் முன்னால், 1874ல், பீகாரில் பஞ்சம் வந்தது. வங்காளத்தின் லெப்டினென்ட் கவர்னராக இருந்த இதே டெம்பிள்தான் நிவாரணத்தை நடத்தியவர். பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான டன் அரிசி இறக்குமதியானது. முன்கூட்டியே குவித்து வைத்தார்கள். கேட்டவருக்கெல்லாம் கிடைத்தது. சுமார் ஆறரைக் கோடி ரூபாய் செலவு. பட்டினிச் சாவு மிகச் சொற்பம். கடைசியில் அரிசி மிஞ்சிவிட்டது. மிஞ்சியதை நஷ்டத்துக்கு விற்றார்கள்.

டெம்பிளுக்கு என்ன கிடைத்திருக்க வேண்டும்? மாலை, மரியாதை. கிடைத்தது திட்டு. 'ஊதாரி' என்றார்கள். ஆடிட் கணக்கில் மிஞ்சிய அரிசி தெரிந்தது. பிழைத்த ஜனங்கள் தெரியவில்லை. சாகாமல் இருந்தவர்களுக்கு எந்த ரிஜிஸ்டரில் கணக்கு எழுதுவது? 'யாருமே சாகவில்லையே, அப்படியானால் பஞ்சமே பெரிதாக வரவில்லை போல, எதற்கு இத்தனை செலவு?' என்று கேட்டுவிட்டார்கள்.

முன்னேற்பாடு என்கிற காரியத்துக்கு அன்றைக்கும் இன்றைக்கும் இருக்கிற சாபம் இதுதான். அது ஜெயித்தால் வீண் செலவு மாதிரி தெரியும்.

பட்ட பாடத்தை டெம்பிள் மறக்கவில்லை. சென்னைக்கு வந்ததும் கத்திரிக்கோலை எடுத்தார். நிவாரண வேலைகளிலிருந்து ஆட்களைக் குறைக்கச் சொன்னார். மண் சுமக்கும் ஓர் ஆண்பிள்ளைக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு. கூடவே சொற்பக் காசு. சரித்திரத்தில் இதற்குப் பெயரே 'டெம்பிள் கூலி' என்று நின்றுவிட்டது.

சென்னையின் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ் என்கிற டாக்டர் கொதித்துப் போனார். ஜெயிலில் இருக்கிற கைதிக்கு இதைவிட அதிகம் போடுகிறோமே, நாள் முழுக்க மண் வெட்டுகிறவன் இதைத் தின்று எப்படிப் பிழைப்பான் என்று அறிக்கை மேல் அறிக்கையாக எழுதினார். டெம்பிளும் பதில் எழுதினார். இரண்டு பேரும் எழுதிக்கொண்டிருந்தபோது வேலைத் தலங்களில் ஆட்கள் சுருண்டு விழுந்துகொண்டிருந்தார்கள். சில மாதங்களில் சென்னை அரசு கூலியை உயர்த்தியது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1876-78 பஞ்சம் பிரிட்டிஷ் இந்தியாவில் ஐம்பது லட்சம் பேருக்கு மேல் கொண்டுபோனது. அதில் பெரும்பங்கு சென்னை மாகாணத்துக்கு.

*

இவ்வளவு பேர் செத்த பிறகு எந்த சர்க்காருக்கும் ஞானம் வரும். கல்கத்தாவுக்கும் வந்தது.

நிதிப் பொறுப்பில் இருந்தவர் சர் ஜான் ஸ்ட்ரேச்சி. அவர் போட்ட கணக்கு புத்திசாலித்தனமானது. இந்தியாவில் பஞ்சம் எப்போது வரும் என்று தெரியாது. வரும் என்பது நிச்சயம். வரும்போது கடன் வாங்குவதைவிட, நல்ல வருஷங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி வைத்தால் என்ன? வருஷத்துக்கு ஒன்றரைக் கோடி. பஞ்சம் வந்தால் நிவாரணம். வராவிட்டால் பஞ்சத்தைத் தடுக்கிற ரயில், கால்வாய், கடன் அடைப்பு. நாட்டுக்கே ஓர் இன்ஷூரன்ஸ்.

பிரீமியம் யார் கட்டுவது? ஜனங்கள்தான். 1878ல் புது வரிகள் வந்தன. வியாபாரிகளுக்கு லைசென்ஸ் வரி. வடக்கே நிலத்துக்கு மேல்வரி. இதில் ஒரு வேடிக்கை. சின்னப் பெட்டிக்கடைக்காரர் வரி கட்ட வேண்டும். பெரிய சம்பளம் வாங்குகிற அதிகாரிக்கும் வக்கீலுக்கும் விலக்கு! சூரத் நகரில் கடைகளை அடைத்துக் கலவரமே நடந்தது. துப்பாக்கிச் சூடு வரை போனது. 'இது அநியாயம்' என்று தாய்மொழியில் எழுதலாம் என்றால், அதே 1878ல் இந்திய மொழிப் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டுச் சட்டம் வந்துவிட்டது.

முணுமுணுப்பை அடக்க லிட்டன் சட்டசபையில் எழுந்து வாக்குக் கொடுத்தார். இந்த வரிக்கு ஒரே நியாயம், இந்தப் பணம் பஞ்சத்துக்காக மட்டுமே செலவாகும் என்று நாங்கள் தரும் உறுதிமொழிதான் என்றார். ஆட்சியாளர்களின் நேர்மையைத் தவிர ஜனங்களுக்கு வேறு உத்தரவாதம் இல்லை, ஆகவே அந்த வாக்கைக் காப்பாற்றுவது எங்கள் கௌரவப் பிரச்னை என்றும் சொன்னார்.

அந்தக் கடைசி விஷயத்தில் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஜனங்களுக்கு வேறு உத்தரவாதம் இருக்கவில்லை.

1878 நவம்பரில் ஆப்கன் யுத்தம் ஆரம்பித்தது. காபூலில் ரஷ்யாவின் செல்வாக்கு வளர்ந்துவிடும் என்று பயம். படை போனது. செலவு எகிறியது. 1879 பட்ஜெட்டில் பஞ்ச இன்ஷூரன்ஸ் ஒதுக்கீடு கிடப்பில் போடப்பட்டது. வரி மட்டும் கிடப்பில் போகவில்லை. அது ஒழுங்காக வசூலாகிக்கொண்டிருந்தது.

பணம் அவ்வளவு முடையா என்றால், அதே 1879ல் லங்காஷயர் மில்காரர்கள் கேட்டார்கள் என்று இங்கிலாந்துத் துணியின் ஒரு பகுதிக்கு இறக்குமதி வரியை லிட்டன் ரத்து செய்தார். தம்முடைய கவுன்சிலில் பெரும்பான்மையினர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

ஏன் இப்படி என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில் சுவாரஸ்யமானது. 'நிதி' என்று தனியாக ஒரு பெட்டி நாங்கள் வைக்கவே இல்லையே! பட்ஜெட்டில் உபரி வைக்கிறோம் என்றுதான் சொன்னோம். உபரி இல்லாத வருஷத்தில் எங்கே போக? அதாவது, பானை உண்டு என்று நீங்கள்தான் நினைத்துக்கொண்டீர்கள். இங்கிலாந்து நாடாளுமன்றத்திலேயே இதைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள்.

1880ல் இன்னொரு குண்டு வெடித்தது. ஆப்கன் யுத்தச் செலவு என்று பட்ஜெட்டில் காட்டியதைவிட நிஜச் செலவு இரண்டு மடங்குக்கும் மேல் என்று தெரியவந்தது. லிட்டனும் போனார், ஸ்ட்ரேச்சியும் போனார். பின்னால் ரிப்பன் காலத்தில் பஞ்ச ஒதுக்கீடு மறுபடி உயிர் பெற்றது. அப்போதும் அதில் கணிசமான பணம் ரயில்வேக்களுக்கே போனது. பெங்கால் நாக்பூர், இந்தியன் மிட்லண்ட் ரயில்வே கம்பெனிகளின் வட்டிப் பாக்கியைக்கூட இந்தக் கணக்கில் எழுதினார்கள். 'ரயில் வேண்டாம், கால்வாய் வெட்டுங்கள்' என்று கோதாவரிக்கு அணை கட்டிய ஆர்தர் காட்டன் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தார்.

*

இந்தக் கூத்துக்கு நடுவில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. 1878ல் பஞ்சக் கமிஷன் போட்டார்கள். தலைவர், ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி. ஜான் ஸ்ட்ரேச்சியின் அண்ணன்தான். கமிஷன் 1880ல் அறிக்கை கொடுத்தது. அதை வைத்து 1883ல் மாதிரிப் பஞ்ச விதித்தொகுப்பு தயாரானது. ஒவ்வொரு மாகாணமும் அதைப் பார்த்துத் தனக்கு ஒன்று எழுதிக்கொண்டது.

விதித்தொகுப்பு என்றதும் கொட்டாவி விடாதீர்கள். அதற்கு முன்பு நிவாரணம் என்பது கலெக்டரின் மனசு, கவர்னரின் துணிச்சல், வைஸ்ராயின் சித்தாந்தம் ஆகியவற்றைப் பொறுத்த விஷயம். விதித்தொகுப்பு அதை நடைமுறையாக்கியது. மழை, விலை, ஜனங்கள் ஊரை விட்டுக் கிளம்புவது ஆகியவற்றைக் கிராம அதிகாரி கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் முதலில் 'சோதனை வேலை' திறக்க வேண்டும். கல் உடைக்கிற வேலை, சொற்பக் கூலி. அதற்கும் ஜனங்கள் கூட்டமாக வருகிறார்கள் என்றால் பஞ்சம் வந்துவிட்டது என்று அர்த்தம். உடனே பெரிய வேலைகள். முடியாதவர்களுக்கு இலவசச் சாப்பாடு. எந்தக் கட்டத்தில் யார் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைத்தாகிவிட்டது.

கருணை குறைவான ஏற்பாடுதான். ஆனாலும் ஏற்பாடு.

அதில் ஓர் ஓட்டை இருந்தது. 'பஞ்சம்' என்று யாராவது பெயர் சூட்டினால்தான் யந்திரம் ஓடும். 1943ல் வங்காளத்தில் அது கொடூரமாகத் தெரிந்தது. தெருவெல்லாம் பிணம். ஆனால் பஞ்ச விதிகள் அமலாகவில்லை. அமல்படுத்தினால் விதியில் சொன்ன அளவு உணவு கொடுத்தாக வேண்டும், கொடுக்க எங்களிடம் உணவில்லை என்று அன்றைய பொறுப்பு கவர்னரே வைஸ்ராய்க்கு எழுதினார். கொடுக்க முடியாததால் பெயர் வைக்கவில்லை. பெயர் இல்லாததால் கொடுக்கவில்லை. சுமார் 30 லட்சம் பேர் போனார்கள்.

*

சுதந்திரம் வந்தது. பஞ்சாயத்து மட்டும் அப்படியே நின்றது. இந்த இடத்தில் நம்மூர்க்காரர் ஒருவர் வருகிறார். கே. சந்தானம். ஊழல் ஒழிப்புக்கான சந்தானம் கமிட்டி என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அவரேதான். 1956ல் அமைந்த இரண்டாவது நிதிக் கமிஷனின் தலைவர். இயற்கைச் சீற்றத்துக்கென்று ஒவ்வொரு மாநிலமும் வருஷா வருஷம் ஒரு தொகை ஒதுக்கி வைக்க வழி செய்தது அந்தக் கமிஷன்தான். இதற்கு 'மார்ஜின் பணம்' என்று பெயர்.

தொகை போதவில்லை. போதாதபோது மாநிலம் மனு கொடுக்கும். மத்தியக் குழு வரும். குறைப்பார்கள் என்று தெரிந்து இவர்கள் கூட்டிக் கேட்பார்கள். கூட்டிக் கேட்கிறார்கள் என்று தெரிந்து அவர்கள் குறைப்பார்கள். மீன் மார்க்கெட்டில் நடக்கிற அதே பேரம்தான். என்ன, இங்கே தராசில் இருந்தது செத்தவர்களின் எண்ணிக்கை.

இதை மாற்ற நினைத்தது ஒன்பதாவது நிதிக் கமிஷன். தலைவர் என்.கே.பி. சால்வே. 1987 உலகக் கோப்பை கிரிக்கெட்டை இங்கிலாந்திலிருந்து இந்தியத் துணைக்கண்டத்துக்குக் கடத்தி வந்த அதே சால்வே. அவருடைய கமிஷன் யோசனைப்படி 1990ல் பேரிடர் நிவாரண நிதி வந்தது. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து வருஷத்துக்கு 804 கோடி. நாலில் மூன்று பங்கு மத்திய அரசு, ஒரு பங்கு மாநிலம். முக்கியமான விஷயம், பணம் தனிக் கணக்கில் இருக்கும். செலவாகாவிட்டால் அடுத்த வருஷத்துக்குப் போகும். ஆக, 1878ல் 'அப்படி ஒரு பெட்டியே இல்லை' என்றார்களே, அந்தப் பெட்டி 112 வருஷம் கழித்து வந்து சேர்ந்தது.

2004 டிசம்பர் 26. சுனாமி. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் பலி. நாகப்பட்டினம் மாவட்டம் மட்டுமே அதில் முக்கால்வாசி. ஒரு வருஷத்துக்குள் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் இரண்டு வகை நிதி சொன்னது. ஆபத்து வந்த பிறகு செலவழிக்க ஒன்று. ஆபத்து வராமலோ, வந்தாலும் அடி குறைவாகவோ பார்த்துக்கொள்ள இன்னொன்று.

முதல் வகை 2010லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. இரண்டாவது வகைக்கான தேசிய நிதி எப்போது அமைந்தது தெரியுமா? 2021 பிப்ரவரியில். சட்டம் சொல்லிப் பதினைந்து வருஷம் கழித்து! பதினைந்தாவது நிதிக் கமிஷன், 2021-26 காலத்துக்கு மாநிலங்களின் பேரிடர் நிதியாக 1,60,153 கோடி ரூபாய் கணக்குப் போட்டது. அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தணிப்பு வேலைகளுக்கென்று தனியே பிரித்துக் கொடுத்தது. பீகாரில் டெம்பிள் திட்டு வாங்கிய அந்தப் பழைய சாபத்தைக் கணக்குப் புத்தகத்தில் கொஞ்சம் கழிக்க முயன்ற முயற்சி என்று இதைச் சொல்லலாம்.

*

அப்படியானால் சண்டை தீர்ந்ததா? எங்கே! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை அடித்தது. இரண்டே வாரத்தில் தென் மாவட்டங்களில் வெள்ளம். தமிழ்நாடு கேட்டது கிட்டத்தட்ட 37,900 கோடி. மத்திய அரசு தேசிய நிதியிலிருந்து ஒப்புக்கொண்டது 700 கோடிக்கும் குறைவு. 2024ல் தமிழ்நாடு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. வறட்சி நிவாரணம் கேட்டுக் கர்நாடகமும் போனது.

இத்தனை பெரிய இடைவெளி எப்படி? அரசியல் ஒரு பக்கம் இருக்கட்டும். மாநிலம் கேட்பது உடைந்ததையெல்லாம் திரும்பக் கட்டுவதற்கு. தேசிய நிதி கொடுப்பது, இறந்தவர் குடும்பத்துக்கு இவ்வளவு, இடிந்த குடிசைக்கு இவ்வளவு என்று விதியில் போட்டிருக்கிற உடனடி நிவாரணத்துக்கு. அதிலும் மாநிலத்தின் கையிருப்பில் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். இரண்டு பேரும் இரண்டு வேறு கணக்குகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பெயர் வைக்கிற பிரச்னையும் போகவில்லை. 2021-26 விதிகளில் தேசியப் பட்டியலில் புயல் உண்டு, சுனாமி உண்டு, தமிழ்நாட்டில் பார்க்கவே முடியாத பனிச்சரிவுகூட உண்டு. வெப்ப அலை கிடையாது. அதனால்தான் 2024 அக்டோபரில் தமிழ்நாடு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. மாநில நிதியிலிருந்து செலவழிக்க முதலில் ஒரு பெயர் வேண்டியிருந்தது. வெயிலில் சுருண்டு விழும் கட்டடத் தொழிலாளியின் குடும்பத்துக்கு ஏதாவது கிடைக்குமா கிடைக்காதா என்பது அந்த ஒரு வரி அறிவிப்பில் இருந்தது.

நூற்றைம்பது வருஷக் கதையைப் பிழிந்தால் மூன்று சொட்டு விழும். ஆபத்துக்குப் பெயர் இருக்க வேண்டும். பணத்துக்குத் தனிப் பெட்டி இருக்க வேண்டும். அந்தப் பெட்டியின் சாவி, கொடுப்பவரின் மனசில் இல்லாமல் விதியில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் எப்போதெல்லாம் இல்லையோ, அப்போதெல்லாம் ஜனங்கள் வரியும் கட்டினார்கள், செத்தும் போனார்கள்.

சென்னையில் அடையாறையும் கூவத்தையும் இணைக்கிற பக்கிங்ஹாம் கால்வாய்த் துண்டு, 1877-78ல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டியது. பெயர்தான் கோமகனுடையது. தோண்டியவர்கள் பசியோடு கிராமங்களிலிருந்து வந்தவர்கள். 2004 சுனாமியின்போது இந்தக் கால்வாய் பல இடங்களில் அலை நீரைத் தன்னுள் வாங்கி, அதற்கு அப்பால் இருந்த ஊர்களைக் காத்தது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரு பஞ்சத்துக்குச் செலவழித்த காசு, 126 வருஷம் கழித்து யாரோ முகம் தெரியாதவர்களின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அவர்கள் எத்தனை பேர் என்று எந்த ரிஜிஸ்டரிலும் இல்லை.

இன்றைக்கு அந்தக் கால்வாய்க்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. அடுத்த வெள்ளத்துக்கான மனு எழுதும்போது இந்தக் கால்வாயையும் ஒரு வரி சேர்த்துக்கொண்டால் நல்லது.